இலங்கையின் நெடுஞ்சாலை வலை: அதிவேகச் சாலை பெரிதா, பாலம் பெரிதா?

வண்ணார்பேட்டைக்காரன் | திங்கள், இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி ரோட்டைப் பற்றிய இழையில் ஒரு தம்பி, "இலங்கை எவ்வளவு சின்ன நாடு, அவங்களே எக்ஸ்பிரஸ்வே போட்டுட்டாங்க, நமக்கு ஒரு நாலுவழிச் சாலைக்கு இத்தனை வருசமா?" என்று கேட்டிருந்தார். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் இலங்கையின் சாலைக் கதையை எக்ஸ்பிரஸ்வேயில் இருந்து ஆரம்பித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

முதலில் அளவு. அந்தத் தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் சரிபாதி. அங்கே ஏ, பி என்று இரண்டு வகுப்புச் சாலைகள்தான் தேசிய நெடுஞ்சாலைகள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 12,000 கிலோமீட்டர். வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்த்துக்கொள்கிறது. கொழும்பு–கண்டி ஏ1, கொழும்பிலிருந்து காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை பக்கம் போவது ஏ2, கண்டி–யாழ்ப்பாணம் ஏ9. இந்தச் சாலைகளில் பெரும்பாலானவை வெள்ளைக்காரன் காலத்துத் தடங்கள்.

அதிவேகச் சாலை வந்தது ரொம்பப் பிந்தி. முதலில் தெற்கு அதிவேகச் சாலை. கொழும்பை ஒட்டிய கொட்டாவையிலிருந்து காலி வரை 2011 நவம்பரில் திறந்தார்கள். மாத்தறைக்கு 2014, அம்பாந்தோட்டைப் பக்கம் 2020. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 2013. கொழும்பைச் சுற்றிய வெளிவட்டச் சாலை 2014, 2015, 2019 என்று மூன்று துண்டாக வந்தது. மீரிகம–குருநாகல் துண்டு 2022 ஜனவரியில். எல்லாம் கூட்டினால் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

இப்போது என் கருத்து. இந்த 300 கிலோமீட்டரைவிட அந்த நாட்டு மக்களுக்குப் பெரிய காரியம் செய்தவை வேறே. வடக்கில் சங்குப்பிட்டிப் பாலம், கிழக்கில் கிண்ணியாப் பாலம், சண்டைக் காலத்தில் மூடிக்கிடந்து திரும்பத் திறந்த ஏ9. தோணிக்கும் மிதவைக்கும் காத்துக் கிடந்த ஊர்களை நிற்காமல் போகிற ஊர்களாக மாற்றியவை இவைதான். நம் ஊருக்கும் இது புதிதில்லை. பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் படகுதான் என்றிருந்த காலத்தில், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டிக் கொடுத்தார். 1843இல் திறந்தது. இன்றைக்கும் அதன்மேல்தான் போய் வருகிறோம். அந்த ஒரு பாலம் இரண்டு ஊரை ஒரே ஊராக்கியது. அதற்கு ஈடாக ஒரு நாலுவழிச் சாலையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கயத்தாறு லாரி | திங்கள், இரவு 9.35

அண்ணாச்சி, பாலம் பெரிசுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா நாலுவழிச் சாலையை அப்படி ஒதுக்காதீங்க. மதுரை–கன்னியாகுமரி ரோடு பழைய என்.எச்.7 ஆக, ரெண்டு வண்டி ஒதுங்குகிற அகலத்தில் இருந்த காலத்தில் லோடு அடித்தவன் நான். கோவில்பட்டி, கயத்தாறு, கங்கைகொண்டான் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளேயும் நுழைந்து வெளியே வர வேண்டும். இப்போது அதே ரோடு என்.எச்.44, ஊருக்கு வெளியே போய்விட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி முப்பந்தலுக்குப் போகிற காற்றாலை இறக்கை லோடை இந்த ரோடு இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது? ஒரு இறக்கையை ஏற்றிய டிரெயிலர் திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். பின்சக்கரத்தைத் தனியாக ஒரு ஆள் திருப்பிக்கொண்டு வருவார், முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். பழைய ரோட்டில் அந்த வண்டியை ஒரு சந்தியில் திருப்பவே பாதி ராத்திரி போய்விடும்.

துறைமுகம் உள்ள நாட்டுக்கு அகலமான ரோடு வேண்டும். இலங்கைக்குக் கொழும்புத் துறைமுகம்தானே சோறு போடுது.

பாளை சிவில் | திங்கள், இரவு 10.20

//இந்த 300 கிலோமீட்டரைவிட அந்த நாட்டு மக்களுக்குப் பெரிய காரியம் செய்தவை வேறே//

அண்ணாச்சி, இதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையில் மண் பரிசோதனை வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பழைய ஏ2 சாலையைப் பாருங்கள். கொழும்பிலிருந்து காலி வரை கடலை ஒட்டியே போகிறது. ஒருபக்கம் ரயில் தண்டவாளம், இன்னொரு பக்கம் வீடு, கடை, பள்ளிக்கூடம், விகாரை. அகலப்படுத்த இடமே கிடையாது. 116 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2004 சுனாமியில் அந்தச் சாலையும் ரயில் பாதையும் ஒரே நாளில் அறுந்து போயின. தெற்கு மாகாணம் முழுவதற்கும் இருந்த முக்கியத் தடம் அது ஒன்றுதான். கடலை விட்டு உள்ளே தள்ளி இரண்டாவது தடம் அவசியம் என்பது சுனாமிக்கு முன்பே திட்டத்தில் இருந்தது. சுனாமி அதை எல்லாருக்கும் காட்டிவிட்டது.

உள்ளே தள்ளிப் போனால் சும்மா போக முடியாது. மேட்டில் ரப்பர், தேயிலைத் தோட்டம். பள்ளத்தில் வயல், சதுப்பு. அந்தச் சதுப்பில் மேலே ஒரு அடி களிமண், அதற்குக் கீழே பீட் என்று சொல்கிற மக்கின கரிமண். துளைபோட்டு எடுக்கும்போது கையில் வைத்துப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் ஒழுகும், கையில் மிஞ்சுவது நார். இதன்மேல் பத்து மீட்டர் மண்ணைக் கொட்டினால் அப்படியே உள்ளே இறங்கும், இல்லை பக்கவாட்டில் பிதுங்கும்.

என்ன செய்வார்கள் என்றால், ஆழம் குறைவான இடத்தில் கரிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கல் நிரப்புவார்கள். ஆழம் கூடின இடத்தில், தண்ணீர் மேலே ஏறி வருவதற்காகப் பட்டையான வடிகால் நாடாக்களைச் செங்குத்தாக மண்ணுக்குள் இறக்கி, அதன்மேல் மணல் விரித்து, கடைசியில் சாலைக்கு வேண்டிய உயரத்தைவிடக் கூடுதலாகவே மண்ணைக் குவித்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஊறுகாய் ஜாடியில் தட்டு வைத்து மேலே கல் வைக்கிறோமே, அந்த வேலைதான். பாரம் அழுத்த அழுத்தத் தண்ணீர் வெளியேறி மண் இறுகும். அடியில் ஒரு இரும்புத் தகடு, அதில் ஒரு கம்பி நட்டு மேலே வரை கொண்டுவந்திருப்பார்கள். செட்டில்மென்ட் பிளேட் என்பது அதுதான். நாளுக்கு நாள் அந்தக் கம்பியின் தலை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து குறிக்க வேண்டும். இறங்குவது நின்றால்தான் கூடுதல் மண்ணை அள்ளிவிட்டுத் தார் போடலாம். அவசரப்பட்டால் சாலை திறந்த பிறகு பாலத்து முனையில் பள்ளம் விழும், போகிற வண்டியெல்லாம் தூக்கிப் போடும். இது தவிர, கனமான இரும்புக் கட்டியைக் கிரேனில் தூக்கி மேலிருந்து போட்டு இடிப்பதும், மண்ணுக்குள் வெற்றிடம் உண்டாக்கித் தண்ணீரை உறிஞ்சுவதும் அங்கே செய்த வேலைகள்.

இந்த வேலையெல்லாம் அந்த நாட்டு எஞ்சினியர்கள் கூடவே நின்று கற்றது. மீரிகம–குருநாகல் துண்டை உள்ளூர் ஒப்பந்தக்காரர்களே கட்டினார்கள் என்றால் அந்தப் பத்து வருசப் படிப்புதான் காரணம். சாலையோடு சேர்த்து ஒரு தலைமுறைக்குத் தொழிலும் கிடைத்தது. இதைக் கணக்கில் எடுக்காமல் பாலம் பெரிதா சாலை பெரிதா என்று தராசு பிடிப்பது சரியில்லை.

ராதாபுரம் ரவுண்டானா | திங்கள், இரவு 10.41

அங்கே எக்ஸ்பிரஸ்வேயில் பைக் போகலாமா?

பாளை சிவில் | திங்கள், இரவு 10.55

போக முடியாது தம்பி. பைக், ஆட்டோ, டிராக்டர், நடந்து போகிறவர்கள் யாருக்கும் அனுமதி இல்லை. கார், வேன், பஸ், லாரிக்கு மட்டும். வேகம் அதிகபட்சம் 100. நுழைகிற இடத்தில் சீட்டு வாங்க வேண்டும், இறங்குகிற இடத்தில் போன தூரத்துக்குக் காசு. அந்த இடங்களைத் தவிர நடுவில் எங்கேயும் ஏற இறங்க முடியாது. குறுக்கே வருகிற கிராமத்து ரோடெல்லாம் கீழே சுரங்கப் பாதையாகவோ மேலே பாலமாகவோ போகும்.

வண்ணார்பேட்டைக்காரன் | செவ்வாய், காலை 6.30

சிவில் தம்பி சொன்ன மண் விவரம் அருமை. இப்படி எழுத ஆள் கிடைப்பதற்காகத்தான் இழையே போடுகிறோம்.

ஆனால் பைக் கேள்விக்கு வந்த பதிலை நாம் அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போகக்கூடாது. அந்த நாட்டில் சாதாரணக் குடும்பத்து வண்டி எது? பைக்கும் ஆட்டோவும்தான். அதிவேகச் சாலைக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர் தன் வண்டியை அதில் ஏற்ற முடியாது. பஸ் ஏறலாம், கொட்டாவைக்குப் பக்கத்தில் மாக்கும்புரவில் அதற்கென்றே பெரிய பஸ் நிலையம் இருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனாலும் அது வழிப்போக்கரின் சாலை, அந்த ஊரின் சாலை அல்ல.

நம் என்.எச்.44இல் நேர் எதிரான சிக்கல். யார் வேண்டுமானாலும் ஏறலாம். நாங்குநேரிப் பக்கம் போய்ப் பாருங்கள், அடுத்த ஊருக்குப் பால் கேனோடு போகிறவர் யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையிலேயே வருவார். வெள்ளாடு குறுக்கே போகும். அதே சாலையில் 100க்கு மேல் கார் பறக்கும். எத்தனை சாவு. சர்வீஸ் ரோடு முழுக்கப் போட்டிருந்தால் அந்தப் பால்காரர் ஏன் எதிரே வரப்போகிறார்? இலங்கைக்காரன் வேகத்தையும் ஊரையும் பிரித்துக் கட்டியது அறிவான காரியம். அந்த ஒரு விஷயத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பூநகரி மருமகள் | செவ்வாய், மதியம் 1.15

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்தது பூநகரி, வாக்கப்பட்டு வந்தது பாளையங்கோட்டைக்கு. நீங்கள் பேசுகிற சங்குப்பிட்டிப் பாலம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு தீவின் மற்றப் பகுதியோடு ஒட்டியிருக்கிற இடம் மிகவும் ஒடுக்கம். ஏ9 வீதி ஆனையிறவால் போகும். மற்றத் தடம் பூநகரியில் இருந்து கடல்நீரேரியைக் கடந்து கேரதீவுக்கு. அந்தக் காலத்தில் அங்கே வாகனத்தை ஏற்றுகிற மிதவைப் பாதை ஓடியது. சண்டை தொடங்கின பிறகு இரண்டு தடமும் மூடப்பட்டுப் போயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சனம் கிளாலிக் கடல்நீரேரியால்தான் போனது. இரவில், வெளிச்சம் இல்லாமல், சின்ன வள்ளங்களில். கடற்படை சுடும். என் அம்மா அப்படி வந்தவர். மடியில் பிள்ளை அழாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாராம். ஆசுபத்திரிக்குப் போகிற நோயாளியும், பரீட்சைக்குப் போகிற மாணவரும், உப்பும் சீனியும் எல்லாம் அந்த வள்ளத்தில்தான்.

2002இல் சமாதானக் காலத்தில் ஏ9 திறந்தார்கள். அந்த வீதியால் முதல் பஸ் வந்தபோது சனம் வீதியோரம் நின்று அழுதது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் திரும்ப மூடினார்கள். அதன்பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சாமான் எல்லாம் கப்பலால்தான் வரவேண்டும், ஆட்கள் விமானத்தால் அல்லது கப்பலால், அதுவும் அனுமதி எடுத்து. சாமான் விலை எங்கே போயிற்று என்று நான் சொல்லத் தேவையில்லை. 2009க்குப் பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். சீனக் கடனில் வீதியைத் திருத்திப் போட்டார்கள். முன்பு மிதவை ஓடின சங்குப்பிட்டியில் 2011 ஜனவரியில் பாலம் திறந்தது. மன்னார் வழியாகக் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு நேரம் மிச்சம் என்று அந்த வழியால் போனவர்களுக்குத் தெரியும்.

கிழக்கில் இன்னும் கூட. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஏ15 வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக நாலு மிதவை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி. ஒவ்வொன்றிலும் இறங்கி, காத்து நின்று, ஏற வேண்டும். இருட்டினால் ஓடாது. மழை வெள்ளம் என்றால் ஓடாது. பிள்ளைப் பேறுக்கு நோவு எடுத்தவளை வைத்துக்கொண்டு மிதவைக்குக் காத்திருந்த கதைகள் அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. கிண்ணியாவில் 2009இல் 396 மீட்டர் நீளப் பாலம் வந்தது, சவூதி உதவியில். மற்ற மூன்றும் 2011இல், பிரான்சின் உதவியோடு.

சிவில் தம்பி கோபிக்க வேண்டாம். தெற்குக்காரர் காலிக்கு மூன்று மணித்தியாலத்தில் போனதை ஒரு மணித்தியாலம் ஆக்கினது அவர்களுக்கு நல்லது. எங்களுக்கு இருந்தது நேரப் பிரச்சினையே இல்லை. போகலாமா, போக முடியாதா என்பதுதான். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்காதீர்கள்.

கயத்தாறு லாரி | செவ்வாய், மதியம் 1.52

அக்கா, படித்துவிட்டு வண்டியை ஓரம்கட்டித்தான் இதை எழுதுகிறேன். ரோடு மூடிக்கிடந்தால் லாரிக்காரனுக்கு வாடகை நட்டம் என்றுதான் இதுநாள் வரை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்னது வேறு.

சங்கரன்கோவில் பேரன் | செவ்வாய், மாலை 5.40

இந்த இழையில் ஒன்று விட்டுப்போகிறது. அந்தச் சாலைகளில் நம் ஆட்களின் உழைப்பு.

1815இல் கண்டி வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. 1818 கிளர்ச்சிக்குப் பிறகு, மலைக்குள் படையைச் சீக்கிரம் கொண்டுபோகச் சாலை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிச் சாலை போடப்பட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறையைக் குடைந்து வழி செய்தார்கள். கேப்டன் டாசன் என்ற எஞ்சினியர் அந்த வேலையில் இருந்தவர், 1829இல் இறந்துபோனார். அவர் நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. தாமஸ் ஸ்கின்னர் என்பவர் பதினாறு வயதில் அந்தச் சாலை வேலையில் சேர்ந்து, அரை நூற்றாண்டு அந்தத் தீவு முழுக்கச் சாலை போட்டார். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் தபால் வண்டி ஓட ஆரம்பித்தது.

ஆனால் பாறை உடைத்தது யார்? முதலில் ராஜகாரிய முறையில் சிங்களக் குடியானவர்கள், கூலி இல்லாத கட்டாய வேலை. 1832இல் அந்த முறையை ஒழித்த பிறகு சாலை வேலைக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து நிறையப் பேர் போனார்கள். பிறகு காப்பித் தோட்டம் வந்தது. கங்காணிகள் மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி என்று ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடை. வறண்ட காடு, தண்ணீர் கிடையாது, காலரா. வழியில் விழுந்தவர்களைப் புதைத்த இடத்துக்கு ஒரு கல்கூட இல்லை. தலைமன்னாருக்கு ரயில் 1914இல்தான் வந்தது. அதற்கு முன்னால் அந்த வடக்குப் பாதையில் போனவர்களின் கால்தான் சாலை.

என் தாத்தாவின் குடும்பம் அட்டன் பக்கத் தோட்டத்தில் இருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள். தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, மெயின் ரோட்டுக்கு வரும் பாதையை எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். தேயிலை லாரி போகிற பாதை நன்றாக இருக்குமாம், லயத்துக்குப் போகிற பாதை சேறாகவே இருக்குமாம். துரை பங்களாவுக்குக் கல் பாவி இருந்ததாம். சாலை யாருக்காகப் போடப்படுகிறது என்பதை அந்த மலைக்காரர்களைக் கேட்டால் போதும்.

முக்கூடல் வக்கீல் | செவ்வாய், இரவு 8.10

நிலம் கொடுத்தவர்களைப் பற்றி வண்ணார்பேட்டை அண்ணாச்சி ஒரு வரி எழுதினார்கள். அதை ஒட்டி இலங்கையில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

தெற்கு அதிவேகச் சாலையின் தடம் முதலில் ஒன்றாக இருந்தது. பிறகு போல்கொட, வெரஸ் கங்கைச் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றுவதற்காகத் தடத்தைத் தள்ளினார்கள். சதுப்பு பிழைத்தது. புதிய தடத்தில் பண்டாரகமை, அக்மீமனைப் பகுதிகளில் வீடுகள் மாட்டின. அந்த வீட்டுக்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்குப் போட்டார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது: தடத்தை மாற்றும்போது பாதிக்கப்படுகிறவர்களுக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவில்லை, இது இயற்கை நீதிக்கு முரண். சாலையை நிறுத்தவில்லை. ஆனால் சட்டப்படி வரவேண்டிய இழப்பீட்டுக்கு மேல், உரிமை மீறலுக்காக ஆளுக்கு 75,000 ரூபாய் தரச் சொன்னது. இதே சாலை தொடர்பாக மக்கள் ஆசிய வளர்ச்சி வங்கியின் விசாரணைக் குழுவரைக்கும் போனார்கள்.

தொகை சின்னதுதான். அந்தத் தீர்ப்பின் முறைதான் எனக்குப் பிடித்தது. பொதுநலன் என்று சொல்லிவிட்டால் தனி ஆளின் வாயை அடைத்துவிடலாம் என்பதில்லை. சதுப்பைக் காப்பதும் பொதுநலன், அதற்கு விலை கொடுக்கிறவனிடம் கேட்டுவிட்டுச் செய் என்றார்கள்.

நம் பக்கம் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இல் எடுக்கிற நிலத்துக்கு வெகுகாலம் ஆறுதல் தொகையே (நிலத்தின் விலைக்கு மேல் தருகிற கூடுதல் தொகை) கிடையாது என்று வைத்திருந்தார்கள். மற்றக் காரியத்துக்கு எடுத்த நிலத்துக்கு உண்டு, ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு இல்லை. 2019இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு விரோதம் என்றது. 1997க்கும் 2015க்கும் நடுவே நிலம் கொடுத்தவர்களுக்கு அதனால் வழி பிறந்தது. இந்த மாவட்டத்தில் நாலுவழிச் சாலைக்கு நிலம் போன பலர் இதைத் தெரியாமலே இருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டைக்காரன் | செவ்வாய், இரவு 9.05

பூநகரி மகளும் சங்கரன்கோவில் தம்பியும் எழுதியதற்குப் பிறகு நான் கூட்ட ஒன்றும் இல்லை. கடனைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருக்கிறது.

தெற்குச் சாலைக்கு ஜப்பான் கடன், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், பிந்தைய துண்டுகளுக்குச் சீன எக்ஸிம் வங்கிக் கடன். கட்டுநாயக்கச் சாலைக்கும் சீனா. டோல் காசை வைத்து இந்த அசலையும் வட்டியையும் அடைத்துவிட முடியாது, திறைசேரிதான் கட்ட வேண்டும். கொழும்பு–காலி துண்டில் வண்டி ஓட்டம் இருக்கிறது. மாத்தறையைத் தாண்டி அம்பாந்தோட்டைக்குப் போகிற 96 கிலோமீட்டரில் ஓட்டம் குறைவு. 2010இல் துறைமுகம், 2013இல் மத்தள விமான நிலையம், பிறகு சாலை என்று அந்தப் பக்கமே காசைக் கொட்டினார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த நாடு அறிவித்தது. கண்டிப் பக்கம் போக வேண்டிய மத்திய அதிவேகச் சாலையில், கொழும்பை ஒட்டிய கடவத்தை–மீரிகம துண்டு அப்படியே நின்றது. மீரிகம–குருநாகல் அந்த வருசம் ஜனவரியில்தான் திறந்திருந்தார்கள். அதாவது கொழும்போடு இணையாத ஒரு அதிவேகச் சாலை நடுவில் தனியாகக் கிடந்தது. நின்ற துண்டில் 2025இல்தான் மறுபடி வேலை தொடங்கியது.

அந்தக் காசில் ஒரு பங்கை மலையகத் தோட்டப் பாதைகளுக்குப் போட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பாளை சிவில் | செவ்வாய், இரவு 9.48

அண்ணாச்சி, அம்பாந்தோட்டைத் துண்டைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உடன்பாடுதான். வண்டி வரும் என்று நம்பிச் சாலை போடுவதற்கும், வண்டி நெருக்கி நிற்கிற இடத்தில் சாலை போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. கொட்டாவை–காலியும் கட்டுநாயக்கவும் இரண்டாம் வகை. ஆனால் கடவத்தை–மீரிகமவை ஆடம்பரக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏ1இல் கடவத்தையிலிருந்து நிட்டம்புவை வரை போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தவறு வரிசையில்தான். கண்டிப் பக்கத்துக்கு முதலில் போட்டுவிட்டு அம்பாந்தோட்டையைப் பிறகு பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கிராமச் சாலைகளை விட்டுவிட்டார்கள் என்பது முழு உண்மை இல்லை. 2014 முதல் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஐ-ரோடு என்று ஒரு திட்டம் நடந்தது. மாகாணம் மாகாணமாகக் கிராமச் சாலைகளை எடுத்துச் சீர்செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒப்பந்த முறை. சாலையைப் போட்ட ஒப்பந்தக்காரரே அடுத்த சில வருசம் அதைப் பராமரிக்கவும் வேண்டும். குழி விழுந்தால் அவர் காசு. அப்போது அவர் வடிகாலைச் சரியாக வெட்டுவார், ஓரத்து மண்ணைக் கெட்டிப்பார், தாரில் கை வைக்க மாட்டார்.

கயத்தாறு லாரி | செவ்வாய், இரவு 10.12

//குழி விழுந்தால் அவர் காசு//

இது ஒன்றை மட்டும் நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க தம்பி. வல்லநாட்டில் தாமிரபரணி மேல் இருக்கிற பாலத்தைப் பாருங்கள். திறந்து சில வருசத்துக்குள் மேல்தளத்தில் ஓட்டை. அடைத்தார்கள், மறுபடி இன்னொரு இடத்தில். ஒரு பக்கத்தைப் பூட்டி, எதிரே வருகிற வண்டியையும் இந்தப் பக்க வண்டியையும் ஒரே பாலத்தில் விடுவார்கள். துறைமுகத்துக்குப் போகிற லோடு லாரிகள் அதில் மூக்கோடு மூக்காக நிற்கும். அதைத் தாண்டின பிறகு வாகைக்குளத்தில் டோல் எடுப்பார்கள். அண்ணாச்சி சொன்ன 1843 பாலம் இன்றைக்கும் நிற்கிறது. அதையும் இதையும் கட்டினது ஒரே ஆற்றின் மேலேதான்.

சிவில் தம்பியிடம் ஒரு கேள்வி. எங்கள் கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கரிசல். அங்கே போடுகிற ஊர்ச் சாலை ஒரு மழைக்காலம் தாண்டினால் அலை அலையாக எழும்பிவிடுகிறது. இலங்கை மாதிரி பாரம் ஏற்றி வைத்தால் சரியாகுமா?

பாளை சிவில் | செவ்வாய், இரவு 10.40

ஆகாது அண்ணே. அது வேறு நோய், இது வேறு நோய். அங்கே மண்ணில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது, அதை வெளியேற்றினால் இறுகும். கரிசல் மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும், கோடையில் காய்ந்து கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வருசா வருசம் இதே ஆட்டம். சாலை எழும்புவதும் இறங்குவதும் அதனால்தான். கரிசலுக்குச் செய்ய வேண்டியது, மேல்மண்ணைத் தேவையான ஆழத்துக்கு எடுத்துவிட்டுச் செம்மண் சரள் போடுவது, இல்லையென்றால் சுண்ணாம்பு கலந்து கெட்டிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்காமல் வடிகால். ஊர்ச் சாலையில் அந்த வடிகாலைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். ரோட்டு ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தால் படம் எடுத்து வையுங்கள். அந்த இடத்தில்தான் அடுத்த வருசம் தார் பிளக்கும்.

பூநகரி மருமகள் | புதன், காலை 7.20

//மூக்கோடு மூக்காக நிற்கும்//

லாரி அண்ணா, வெளிநாட்டு உதவியில் வந்த பாலங்களையும் யார் பராமரிப்பார்கள் என்ற கேள்வி எங்கள் பக்கமும் உண்டு. உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும், தூத்துக்குடி உங்களுக்குப் பக்கம்தானே. அதற்கும் ஒப்பந்தத்திலேயே காசு ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். திறப்பு விழாவுக்கு வருகிற அமைச்சர் வர்ணம் பூசுவதற்கு வருவதில்லை.

ஆலங்குளம் தோட்டக்காரர் | புதன், காலை 9.30

இழை முழுவதும் படித்தேன். வக்கீல் ஐயாவிடம் ஒரு உதவி. எங்கள் கிணற்றுத் தோட்டத்தின் சர்வே எண், ஒரு தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கப் போகிறோம் என்கிற 3ஏ அறிவிப்பில் வந்திருப்பதாகப் பேப்பரில் பார்த்த பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். கிணறு போகுமா, வெறும் நிலம் மட்டும் போகுமா என்று தெரியவில்லை. என்ன செய்யலாம்?

முக்கூடல் வக்கீல் | புதன், காலை 10.05

ஐயா, உடனே செய்ய வேண்டியது மூன்று. அந்த அறிவிப்பு எந்தத் தேதியில் வெளியானது என்று பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து 21 நாளுக்குள் 3சி பிரிவில் எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுக்கலாம், நேரில் விசாரிக்கவும் கேட்கலாம். தடத்தைத் தள்ள முடியுமா என்று கேட்க வேண்டிய நேரம் இதுதான், தொகை பேசும்போது கேட்டால் பிந்திவிடும். இரண்டாவது, நில எடுப்பு அலுவலகத்தில் நில வரைபடத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் கிணறு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். மூன்றாவது, கிணறு, மோட்டார், குழாய், மரங்கள் எல்லாவற்றையும் இன்றைய தேதியோடு படம் எடுத்து, மரக் கணக்கை வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்குங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது? தாத்தா பேரிலேயே கிடந்தால் அதை இந்த வாரமே மாற்றக் கொடுத்துவிடுங்கள், மற்றதைத் தனிச் செய்தியில் சொல்கிறேன்.